பெனா லெகோல்

வீட்டுப்பாட நோட்டின் நடுப்பக்கத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.
வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பள்ளி இல்லை.
கோவிலென் அதைச் சமையலறையில் ஒருமுறை,
ஈரத் தலையோடு ஒருமுறை,
கட்டிலில் குதித்துக்கொண்டே ஏழெட்டு முறை அறிவித்தான்:
பெனா லெகோல்! பெனா லெகோல்!

எங்கள் கிரியோலில் பெனா என்றால் இல்லை.
அவனுடைய தமிழ் வகுப்பில் பேனா என்றால் எழுதுவது.
கொம்பில் ஒரு சுழிதான் வித்தியாசம்
என்று எனக்கே அவன் சொல்லித்தான் தெரியும்.

புயல் என்றால் கவலையில்லை.
மூன்றாம் எச்சரிக்கை விழுந்துவிட்டால் பேருந்தே நின்றுவிடும்,
நானும் வீட்டில்தான்.
காவடிக்கு விட்டாலும் சரி,
கோயிலில் ஆயிரம் கண் இருக்கும் அவன்மேல்.
இந்தப் பயிற்சி நாள்தான்
எந்தக் காலண்டரிலும் சிவப்பாகாத நாள்.
எதிர்வீட்டு மார்லேன் பல் பிடுங்கப் போகிறாள்.
தம்பி கப்பலில்.
இவன் அப்பா, அதை விடுங்கள்.

ஆறரை பஸ்.
ஃபிளிக் ஆன் ஃபிளாக், ஓட்டலின் பின்வாசல்.
காவலாளி சூபன் தொப்பியைச் சரிசெய்தபடி
கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் செய்யும் உதவி எப்போதும் அதுதான்.

சலவை அறையில், விரிப்பு மூட்டைகளின் மேல் ஏற்றி வைத்தேன்.
"சத்தம் பெனா."
துண்டுகளை எண்ணத் தொடங்கினான்.
நாற்பத்தொன்பது வரை தமிழில்,
பிறகு வியர்த்துப்போய்க் கிரியோலில்.

பத்து மணிக்கு மாநாட்டு அறைக்கு மேசைத்துணி கேட்டார்கள்.
தள்ளுவண்டிக்குப் பின்னால் என் சட்டையைப் பிடித்தபடி வந்தவன்
கதவிடுக்கில் உறைந்து நின்றான்.
மூன்றாவது வரிசையில் மிஸ் வலைதோன்,
கழுத்தில் பெயர் அட்டை மாட்டி.
ஒலிபெருக்கிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு
அங்கே யார் பேசுவது என்றார்.
மிஸ்தான் பேசியது.
மிஸ் எழுந்து நின்றார்.
"அம்மா, மிஸ்ஸைத் திட்டுறாங்க."
அவன் குரலில் மகிழ்ச்சி இல்லை, சத்தியமாக.

தேநீர் இடைவேளையில் பின்படிக்கட்டில் செருப்போசை.
கையில் ஒரு நாபோலித்தேன்,
இளஞ்சிவப்புச் சர்க்கரை விரலெல்லாம்.
ஒளிய இடம் தேடி வந்தவர் எங்களிடமே வந்து சேர்ந்தார்.
மூட்டைமேல் கோவிலென்.
யாரை யார் பிடித்தது என்று
மூவருக்குமே சிறிது நேரம் விளங்கவில்லை.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து குதிகாலைப் பார்த்தார், கொப்புளம்.
நாபோலித்தேனை இரண்டாகப் பிட்டார்.
மத்தியானத் தலைப்பு என்ன தெரியுமா என்றார்,
"பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்காத பெற்றோரைக் கையாள்வது எப்படி."
சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

நான் விரிப்பை உதறினேன்.
இரட்டைக் கட்டில் விரிப்பு, தனியாக மடித்தால் தரையில் இழுபடும்.
அவர் எழுந்து எதிர்முனையைப் பிடித்தார்.
முன்னே வந்து, மூலையைக் கொடுத்து, குனிந்து எடுத்து,
பின்னே போய்,
மறுபடி முன்னே.
"அப்படி இல்லை மிஸ்," என்றான் மேலிருந்து,
"தையல் உள்பக்கம் வரணும்."
அவிழ்த்து மறுபடி மடித்தார்.
"இன்னும் கொஞ்சம் இழுங்க. ம், இப்ப சரி."
பதினொரு விரிப்பு.
மாடியில் ஒலிபெருக்கி யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய் இரவு நோட்டைத் திறந்தேன்.
விடுமுறையில் என்ன செய்தாய், மூன்று வாக்கியம்.
யாரிடமும் சொல்லாதே என்று நான் மிரட்டியிருந்தேன்,
அவனும் சொல்லவில்லை.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:

நான் கடலுக்குப் போனேன்.
கடல் வெள்ளை.
கடலை நான்காக மடித்தேன்.

வெள்ளையை நீலமாகத் திருத்தவில்லை மிஸ்.
கடலை மடிக்க முடியாது என்றும் எழுதவில்லை.
கடைசிச் சொல்லில் மட்டும் சிவப்பு மை:
தே-க்கு ஒரு கால் சேர்த்து,
ன்-ஐ அடித்து, மேலே ம்.

எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒரு சீட்டு.
பசை இன்னும் காயவில்லை.